திரைக்குப் பின்னே ஒலி – 9: உதடு ஓரிடம், பேச்சு ஓரிடம்

கன்னடத்தில் டப்பிங் படங்கள் 1960-களில் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு வரவே இல்லை. சட்டம் தடுக்கவில்லை, திரைத்துறை அமைப்புகள் தமக்குள் வைத்திருந்த கட்டுப்பாடு தடுத்தது. அந்தக் கட்டுப்பாடு போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2015-இல் தீர்ப்பளித்தது. அஜித் நடித்த ‘என்னை அறிந்தால்’ 2017-இல் ‘சத்யதேவ் ஐ.பி.எஸ்.’ ஆகத் திரையரங்குகளுக்குக் கன்னடம் பேசி வந்தது. அதன்பின் எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. பேச்சு உதட்டோடு ஒட்டாதபோதெல்லாம் “டப்பிங்தானே, அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு சமாதானமும் கூடவே வருகிறது. இந்தச் சமாதானம் இரண்டு வெவ்வேறு குறைகளை ஒன்றாகக் குழப்புகிறது. உதட்டின் வடிவம் பொருந்தாமல் போவது ஒன்று. நேரம் பிசகுவது வேறொன்று. முன்னதைத் தவிர்க்க முடியாது என்பதாலேயே பின்னதை மன்னிக்கவும் கூடாது என்பது என் வாதம்.

வடிவம் ஏன் பொருந்தாது என்பதற்குத் தமிழும் கன்னடமுமே போதும். இவ்வளவு நெருங்கிய மொழிகள், ஆனால் உதட்டில் மட்டும் நேர் எதிர். தமிழில் ‘பத்து’, ‘பால்’ என்று சொல்ல நடிகர் உதட்டை மூடித் திறக்கிறார். கன்னடத்தில் அவை ‘ஹத்து’, ‘ஹாலு’. உதடு மூடவே வேண்டாம். தமிழில் ‘வா’ என்பதற்கு உதடுகள் ஒட்டுவதில்லை. கன்னடத்து ‘பா’வுக்கு ஒட்டியாக வேண்டும். கண்ணில் படுவது காதையே மாற்றிவிடும் என்று மெக்கர்க்கும் மெக்டொனால்டும் 1976-இல் காட்டினார்கள். ‘க’ என்று அசையும் வாயோடு ‘ப’ ஒலியைச் சேர்த்தால் பலருக்கு ‘த’ போலக் கேட்கிறது. ஆக, டப்பிங் படத்தில் பார்வையாளரின் மூளை ஏற்கெனவே கூடுதல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தக் குரலை அந்த முகத்தோடு பிடித்து வைத்திருப்பது நேரம் ஒன்றுதான். பேசும் பொம்மையின் வாய் எந்த எழுத்தையும் உச்சரிப்பதில்லை. குரலோடு சேர்ந்து திறந்து, சேர்ந்து மூடுகிறது, அவ்வளவே. பொம்மைதான் பேசுகிறது என்று நம்பிவிடுகிறோம்.

சிறு பிசகு யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்கலாம். சின்னசாமி மைதானத்தில் ஆடுகளத்திலிருந்து 70 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு, மட்டையில் பந்து பட்ட ஓசை ஐந்தில் ஒரு விநாடி தாமதமாகத்தான் எட்டுகிறது. அவர் அதைக் குறையாக நினைப்பதில்லை. தூரம் கண்ணெதிரே இருக்கிறது. ஓசை பிந்தி வருவதும் பிறந்தது முதல் பழகியது. ஓசை முந்தி வருவதோ இயற்கையில் கிடையாது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரையிலும் இந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது: ஒலி 125 மில்லி விநாடி பிந்தினால்தான் தெரியத் தொடங்குகிறது, முந்தினாலோ 45-லேயே தெரிந்துவிடுகிறது. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 45 மில்லி விநாடி என்பது ஒரு ஃபிரேமைவிடச் சற்றே அதிகம். “யாருக்குத் தெரியும்” என்ற கேள்விக்கு இதுவே பதில்.

சரிசெய்ய முனைபவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். படத்தின் தொடக்கத்தில் ஓரிடத்தைப் பார்த்து, ஒலி டிராக்கை அப்படியே நகர்த்திவிடுகிறார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பிசகு ஒரே அளவாக இருந்தால் அது போதும். போகப் போக வளர்ந்தால், நகர்த்துவது நோயை இடம் மாற்றுவது மட்டுமே. 24 ஃபிரேம் படத்துக்காகக் கலந்த ஒலியை 23.976-இல் ஓடும் படத்தோடு சேர்த்தால், படம் ஆயிரத்தில் ஒரு பங்கு நீள்கிறது, ஒலி முந்திக்கொண்டே போகிறது. ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி, இரண்டரை மணி நேரப் படத்தில் 9 விநாடி. ஆனால் முதல் 45 விநாடிக்குள் பிசகு 45 மில்லி விநாடியைத் தாண்டுவதில்லை. பெயர்கள் ஓடி முடிவதற்குள் சோதனையை முடித்துக்கொள்பவர் கண்ணில் எதுவும் படாது. இதற்கு மருந்து, ஒலியை அதே விகிதத்தில் நீட்டுவது. ஆங்காங்கே வெட்டி இழுத்தால் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பின்னணி இசை துள்ளும்.

எதை வைத்துச் சோதிப்பது? டப்பிங்கில் உதடு நம்பகமான சாட்சி இல்லை. கலவை முழுவதும் பிசகியிருக்கிறதா என்று அறியக் கதவு சாத்துவதையும் மேசையில் தம்ளர் வைப்பதையும் பார்க்கலாம். பேச்சு மட்டும் விலகியிருக்கிறதா என்பதற்கு இந்த இரு மொழிகளுக்குள் ஒரு நல்ல வசதி உண்டு: ‘அம்மா’வும் ‘அப்பா’வும் இரண்டிலும் அப்படியே இருக்கின்றன. உதடு மூடும் ஃபிரேமில் ‘ம்’ விழ வேண்டும். படத்தின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் இப்படி ஓர் இடம் கிடைத்தால் பிசகின் அளவும் போக்கும் தெரிந்துவிடும்.

வசனம் எழுதுபவர்களின் மறுப்பு நியாயமானது: உதட்டுக்காகக் கன்னடத்தை முறித்தால் யாரும் பேசாத கன்னடம்தான் மிஞ்சும். வடிவத்தில் அவர்களுக்கு முழு உரிமை தரலாம். நான் கேட்பது வாய் திறக்கும்போது பேச்சு தொடங்கி, மூடும்போது முடிவதை மட்டும்தான். இன்னொரு மறுப்பு, வீட்டு டி.வி.யும் புளூடூத் ஹெட்போனும் எப்படியும் நேரத்தைக் கெடுத்துவிடும் என்பது. கெடுக்கத்தான் செய்கின்றன, புளூடூத்தில் 100, 200 மில்லி விநாடி தாமதம் அபூர்வமல்ல. ஆனால் தாமதங்கள் ஒன்றன்மேல் ஒன்று கூடுபவை. பார்வையாளரின் பொறுமைக்குள் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியை ஸ்டுடியோவே தின்றுவிட்டால், வீட்டுக் கருவிக்கு மிச்சமென்று எதுவும் இருக்காது. தவிர, டி.வி. அமைப்பில் ஒலியைத் தள்ளிவைக்கும் வசதி நிலையான பிசகை மட்டுமே தீர்க்கும். வளரும் பிசகைப் பார்வையாளரால் ஒன்றும் செய்ய முடியாது. அதை நிறுத்தக்கூடியவர் கலவை மேசையில் இருப்பவர்தான்.

(தொடரும்)