புதையல் விளையாட்டும் பொம்பரிப்பும்

1996 இல் வெளியான 'டூம் ரெய்டர்' என்னும் கணினி விளையாட்டின் பெயருக்குக் கல்லறைக் கொள்ளையர் என்று பொருள். பெயரிட்டவர்கள் ஒளிவு மறைவு வைக்கவில்லை. லாரா குரொப்ட் என்ற கதாநாயகி பாழடைந்த சமாதிகளுக்குள் புகுந்து புராதனப் பொருட்களைக் கைப்பற்றுகிறாள். 2017 இல் வந்த 'அன்சார்ட்டட்: த லொஸ்ட் லெகசி' இவ்வேட்டையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கே கொண்டுவந்தது. அங்கு ஹொய்சாளர் கால இடிபாடுகளிடையே விநாயகரின் தந்தம் தேடப்படுகிறது. பொருள் கிடைத்தால் போதும், தூண்கள் சரிந்தாலும் பாதகமில்லை. மீண்டும் ஆடத் தொடங்கினால் அவை எழுந்து நிற்கும்.

இவற்றை ஆடும் சிறுவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால், கண்டக்குழியிலிருந்து புத்தளம் களப்பைக் கடந்தால், வில்பத்து வனத்தில் பொம்பரிப்பு இருக்கிறது. 1970 ஆம் ஆண்டு அகழாய்வு உட்பட அங்கு நடந்த ஆய்வுகளில் ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. தமிழகத்தின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளுடன் அறிஞர்கள் இவற்றை ஒப்பிடுகின்றனர். பொன் தேடுபவனுக்கு இவை வெறும் ஓடும் எலும்பும். ஆய்வாளருக்கோ எந்த எலும்பருகே எந்தக் கலம், எந்த மண்படையில் இருந்தது என்பதே செய்தி. மண்வெட்டி ஒருமுறை விழுந்தால் அந்தச் செய்தி அழிந்துவிடும்.

புதையல் தோண்டியோர் கைதாகும் செய்திகள் இந்நாட்டில் அடிக்கடி வருகின்றன. அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடி அகழ்வதை 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, நம் மையவாடியில் ஒரு கபுறைத் தோண்ட எவரையேனும் விடுவோமா? பொம்பரிப்பும் ஒரு மையவாடியே.