மாணாக்கர் நடத்திய ஏடுகள்

வகுப்பறையிலே பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர். மாணாக்கன் எழுதுவதோ தேர்வுக்கு. படிப்பவரும் மதிப்பெண் இடுபவர் ஒருவரே. தன்னையொத்த மாணாக்கர் படித்து, ‘இஃது எவ்வாறு பொருந்தும்?’ என்று வினவுவர் என அறிந்தவன் எழுதும் முறையே வேறு. இதற்குச் சான்றான வரலாறு ஒன்று, நம்மவர் பலர் வாழும் கல்கத்தாவிலே உண்டு.

இன்றைய பிரெசிடென்சி பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1817இல் நிறுவப்பெற்ற இந்துக் கல்லூரி. 1826இல் அங்கு ஆசிரியராக அமர்ந்த ஹென்றி டெரோசியோ, இருபது வயதும் நிரம்பாதவர். அவர் ஊக்கத்தால் 1828இல் அமைந்த வாத சங்கத்திலே மாணாக்கர் ஊழையும் முயற்சியையும் பற்றி வாதிட்டனர். கடவுள் உண்மையைக்கூட விட்டுவைக்கவில்லை. 1830இல் ‘பார்த்தினான்’ என்னும் ஏட்டைத் தாமே வெளியிட்டனர். கல்லூரி நிருவாகிகள் வெகுண்டனர். முதல் இதழோடு ஏடு நின்றது. மறு ஆண்டு ஏப்ரலில் டெரோசியோ பதவி விலக நேர்ந்தது. டிசம்பரில், இருபத்திரண்டாம் வயதிலே, வாந்திபேதியால் மறைந்தார்.

ஆசிரியரோடு யாவும் கலைந்திருக்கலாம், கலையவில்லை. எழுதியும் மறுத்தும் பழகியவர்களுக்கு அப்பழக்கமே ஆசிரியராயிற்று. 1831இலேயே ‘என்குயரர்’, ‘ஞானான்வேஷண்’ என இரு ஏடுகள் அவர்களிடையே தோன்றின. 1838இல் பொது அறிவு ஈட்டும் சங்கம் ஒன்றை நிறுவி, முறைவைத்துக் கட்டுரை படித்தனர். 1843இல் தட்சிணாரஞ்சன் முகர்ஜி கம்பெனியாரின் நீதிமன்றங்களையும் காவல்துறையையும் ஆராய்ந்து படித்தபொழுது, கேட்டிருந்த கல்லூரித் தலைவர் ரிச்சர்ட்சன், இவ்விடத்தை இராசத்துரோகத்தின் குகையாக்க விடேன் என்று சினந்தார். தலைமை வகித்த தாராசந்த் சக்கரவர்த்தியோ, அச்சொல்லைத் திரும்பப் பெறுமாறு அவரிடமே வற்புறுத்தினார்.

அவர்கள் எழுத்தில் ஆங்கில மோகமும் இளமைத் துடுக்கும் மிகுதி என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் அவர்களுள் இருவர், பியாரிசந்த் மித்திரரும் ராதாநாத் சிக்தாரும், 1854இல் பெண்டிரும் எளிதிற் படிக்கும் வங்காளியில் ‘மாசிக பத்திரிகா’ நடத்தலாயினர்.

வேற்று மாநிலக் கல்லூரி விடுதிகளிலே நம் பிள்ளைகள் ஐவரோ அறுவரோ கூடினும் இம்முறை கைகூடும். அச்சகமும் பணமும் வேண்டா. கோடிட்ட குறிப்பேடு ஒன்று போதும். வலப்பக்கம் ஒருவர், அவ்வாரம் தமக்கு விளங்காத பாடத்தைப் பற்றியே எழுதுக. இடப்பக்கம் வெறுமையாய் இருக்கட்டும். மற்றவர் விளக்கமும் மறுப்பும் எழுதுமிடம் அது. வங்காளி மாணவனோ மராட்டிய மாணவியோ சேர விழைந்தால், அவர்க்கும் ஒரு பக்கம் தருக.