தண்ணீர் வைத்துக் கெடுத்த அடை

கடகத்தில் வைக்கோலைப் பரப்பிக் கோழியை அடை வைத்துவிட்டால், அதன்பின் இருபத்தொரு நாளும் வீட்டார்க்குக் கவலையில்லை. அவ்வேலையை ஒரு மரப்பெட்டியும் மின்குமிழும் கொண்டு நாமே செய்யப் புகுந்தபோதுதான், அப்பறவை எத்துணை நுட்பமாகத் தொழில் செய்கின்றது என்பது எமக்கு விளங்கியது.

முதன்முறை பன்னிரண்டு முட்டைகள் வைத்தோம். சூடு தவறவில்லை. ஆயினும் இரண்டே குஞ்சுகள் வெளிவந்தன. எஞ்சியவற்றை உடைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவை கூழ்முட்டைகள் அல்ல. நன்கு வளர்ந்த குஞ்சுகள், உடல் ஊதி, ஈரம் சொட்டக் கோதுக்குள்ளேயே மாண்டு கிடந்தன. அருகில் நின்ற எம் மகள் ஒன்றும் பேசாது உள்ளே போய்விட்டாள். குற்றம் எம்முடையதே. ஈரம் வேண்டுமென்று நூலிற் படித்ததை நம்பி, முதல் நாள் தொட்டே பெட்டிக்குள் இரண்டு தட்டுகளில் நீர் வைத்திருந்தோம்.

முட்டை அடைத்த பாத்திரமன்று. கோதிலே ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள. அவற்றின் வழியே நீர் ஆவியாகி வெளியேற, அகன்ற முனையிலுள்ள வளியறை நாளுக்கு நாள் பெருக்கின்றது. கோதை உடைக்குமுன் குஞ்சு முதன்முதலாக மூச்சு வாங்குவது அவ்வறையிலேதான். 60 கிராம் நிறையுள்ள முட்டை, 18 நாளில் 7 அல்லது 8 கிராமை இழத்தல் வேண்டும். ஈரம் மிகுந்தால் இழப்புக் குறையும், அறையும் சிறுத்துவிடும். ஈரம் போதாவிடினோ உட்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே முதல் 18 நாளும் சாரீரப்பதன் 45 முதல் 55 வீதமும், இறுதி மூன்று நாளும் 65 முதல் 70 வீதமும் இருத்தல் நன்று. குளிர்நாட்டு வளியைச் சூடாக்கினால் அது மிகவும் வறண்டுபோகும். அங்கே தொடக்கத்திலேயே நீர்த்தட்டு வேண்டும். நம் கரையோரத்து நிலை வேறு. 29 பாகை செல்சியஸில் 75 வீத ஈரப்பதனுள்ள வளியை 37.5 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரும் சேர்க்காமலே ஏறக்குறைய 47 வீதம் எஞ்சும். மாணவர்கள் நிரம்பலாவியமுக்க அட்டவணையைக் கொண்டு இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம்.

வெப்பம், விசிறியுள்ள பெட்டிக்கு 37.5 பாகை. விசிறியற்றதாயின், முட்டைகளின் மேல்மட்டத்தில் வெப்பமானியை வைத்து 38.5 பாகையளவிற் காக்க வேண்டும். இரை தேடக் கோழி எழுந்து செல்வது போன்ற சிறிதுநேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். மிகுந்த சூட்டைத் தாங்காது. நாளொன்றுக்கு மும்முறையேனும் முட்டைகளைப் புரட்டுதல் வேண்டும். 18ஆம் நாளுக்குப் பின் புரட்டலாகாது. மூடியைத் திறப்பதும் ஆகாது.

மறுமுறை 18ஆம் நாள் மாலையிலேதான் நீர்த்தட்டை வைத்தோம். ஒன்பது பொரித்தன. பத்தாவது, கோதிலே சிறு துளையிட்டபடி வெகுநேரம் கிடந்தது. உடைத்துவிடலாமா என்று மகள் மும்முறை கேட்டாள். மூடியை நாம் திறக்க விடவில்லை. விடியற்காலையில் அவளே வந்து எம்மை எழுப்பினாள்.