நள்ளிரவில் பசிக்கும் பாப்பா

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடுகளில் வாழ்பவர்களுக்குத் தெரிந்த ஓசை இது. இரவு 11 மணிக்குக் கைக்குழந்தை அழும். 1 மணிக்கு அழும். 3 மணிக்கு மறுபடியும். பக்கத்து வீட்டுக் குழந்தை என்றால் நாம் புரண்டு படுத்துக்கொள்ளலாம். நம் வீட்டுத் தம்பிப் பாப்பா என்றால், காலையில் சபைகூடலில் நிற்கும்போது கண் சொக்கும். அம்மாவின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

அப்போது யாராவது ஒருவர், அக்கறையோடுதான், அம்மாவிடம் சொல்வார்: “தாய்ப்பால் பத்தல. ராத்திரிக்குப் புட்டிப்பால் கொடுத்திடு.” பெரும்பாலும் இந்தக் கணிப்பு தவறு. ஏன் என்று புரிந்துகொள்ள முயலைப் பார்ப்போம்.

தாய் முயல் நாளுக்கு ஒரே முறை, அதுவும் சில நிமிடமே பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். குட்டிகள் மறுநாள் வரை தாங்கும். முயல் பாலில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கும் மேல் புரதம் உண்டு, கொழுப்பும் அதிகம். பசும்பாலில் புரதம் ஏறக்குறைய 3.3 கிராம். மனிதத் தாய்ப்பாலிலோ சுமார் 1 கிராம்தான். இது குறைபாடு அல்ல. மனிதக் குழந்தை மெதுவாக வளர்வது. தாயின் கையிலேயே இருந்து அடிக்கடி குடிப்பது. அதற்கேற்ற பால் இது, எளிதில் செரித்துவிடும். ஒரு வாரக் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதும் ஏறக்குறைய 60 மில்லிலிட்டர்தான். ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கேட்பது இயல்பு. அவற்றில் சில இரவில்தான் வந்தாக வேண்டும்.

பசி மட்டும் காரணமல்ல. இருட்டியதும் நம் மூளை மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து உறக்கத்துக்கு நம்மைத் தயார்ப்படுத்துகிறது. பிறந்த குழந்தையிடம் இந்தக் கடிகாரம் சீராக ஓட 2, 3 மாதமாவது ஆகும். தாயின் இரவுப் பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் அநேகமாக இல்லை என்பது வியப்பான செய்தி! மேலும், நம் உறக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். குழந்தைக்கு 50 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்புத் தட்டும்.

இனி அந்தப் புட்டிக்கு வருவோம். தாய்ப்பால் கிடங்கில் சேர்த்துவைத்த சரக்கு அல்ல. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். மார்பில் பால் தேங்கினால், ‘இவ்வளவு போதும்’ என்று உடல் சுரப்பைக் குறைத்துவிடும். சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். முதல் வாரங்களில் இரவுப் பாலின் இடத்தைப் புட்டி பிடித்துக்கொண்டால், சில நாளில் பால் உண்மையிலேயே குறையக்கூடும். ‘பத்தல’ என்றவரின் வாக்கு பலித்ததுபோலத் தோன்றும். பலிக்க வைத்தது அந்தப் புட்டிதான்.

பால் போதுமா என்பதை அழுகை சொல்லாது. முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு 6 பெம்பர்ஸாவது நன்றாக நனைந்து, எடையும் ஏறினால் போதும். எடை ஏறாவிட்டால், காய்ச்சல் அடித்தால், பால் குடிக்கவே எழாமல் சோர்ந்து கிடந்தால் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

உலகத் தாய்ப்பால் வாரத்தை (ஆகஸ்டு 1–7) 1992 முதல் ஒருங்கிணைக்கும் ‘வாபா’ கூட்டமைப்பின் தலைமையகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது. 2023இல் அது எடுத்துக்கொண்ட கருப்பொருள், வேலைக்குப் போகும் பெற்றோர். அதே ஆண்டு ஜனவரி 1 முதல் மலேசியாவில் தனியார் துறைத் தாய்மாரின் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது; அப்பாவுக்கும் 7 நாள் கிடைத்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குத் திரும்பப்போகும் ஓர் அம்மாவுக்கு அந்த 38 நாள் சிறியதல்ல.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. இரவில் பெரிய விளக்கைப் போடாமல் மங்கலான வெளிச்சத்தில் பால் கொடுக்கலாம். காலையில் சன்னலைத் திறந்து வெளிச்சத்தை விடலாம். குழந்தையைப் பெற்றோர் அறையிலேயே, தலையணை இல்லாத தட்டையான படுக்கையில், மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். களைத்துப்போன அம்மா குழந்தையோடு சோபாவில் உறங்கிப்போவதுதான் மிகவும் ஆபத்து. அப்படிக் கண்டால் குழந்தையை மெல்ல எடுத்துப் படுக்கையில் விடுங்கள். வீட்டுப்பாடத்தை மாலையிலேயே முடித்துவிட்டால், இரவு 8 மணிப் பாலுக்குப் பிறகு பாப்பாவை நீங்கள் தோளில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரம் தூக்கம் கிடைக்கும்.