ஒட்டகப் பாலும் இனபேதமும்



ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு ஒட்டகம் அதிசயப் பிராணி அன்று. ஆயினும் அதன் பால் நமக்குப் புதிது. 2019 ஜனவரியில் அமுல் கூட்டுறவு நிறுவனம் கச்சுப் பகுதியில் கொள்முதல் செய்த ஒட்டகப் பாலைப் புட்டியிலடைத்துக் குஜராத்தில் விற்கத் தொடங்கியது. அதனை முதன்முறை அருந்துவோர், பால் நீர்த்தும் சற்றே உப்புக் கரித்தும் இருப்பதைக் கண்டு கலப்படமோ என ஐயுறுவது இயல்பே. அந்த ஐயம் எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

பாலின் தன்மை விலங்கின் குலத்தோடு தீர்ந்துவிடுவதன்று. இனம், தீவனம், பருவம், ஈன்றபின் கழிந்த மாதங்கள் ஆகிய யாவும் அதில் பங்கு கொள்கின்றன. உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் அறிஞர் சிலர் கணக்கிட்ட சராசரிப்படி, நூறு பங்கு ஒட்டகப் பாலில் கொழுப்பு 3.82, புரதம் 3.35, பால் சர்க்கரை 4.46 பங்கு. இவற்றுள் ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் மிகவும் ஏறி இறங்குவன கொழுப்பும் சர்க்கரையுமே.

நம் நாட்டு ஒற்றைத் திமில் ஒட்டகங்களில் பல இனங்கள் உண்டு. பிகானேரி பாரம் இழுப்பதற்கும், ஜெய்சல்மேரி விரைந்து ஓடுவதற்கும் பேர்பெற்றவை. கச்சியும் மேவாரியும் பாலுக்குப் பெயர் பெற்றவை. 2015இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்ற காராய் ஒட்டகம் கடற்கழியை நீந்திக் கடந்து அலையாத்திக் காட்டின் தழையை மேய்வது. முட்செடி மேய்ந்ததன் பாலும் உவர்நிலத் தழை மேய்ந்ததன் பாலும் ஒரே சுவையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

கோடையில் நிகழும் மாற்றம் நம்மை வியப்பில் ஆழ்த்துவது. தண்ணீர் கிடைக்காத நாளில் பசுவானால் பால் சுருங்கும். ஒட்டகமோ தான் தாகத்தால் வாடியும் கன்றுக்கு முன்னிலும் நீர் மிகுந்த பாலையே சுரக்கிறது. 1980இல் வெளியான ஓர் ஆய்வில், தாகமுற்ற ஒட்டகங்களின் பாலில் நீர் நூற்றுக்கு 90ஐக் கடந்தது, 4.3 ஆக இருந்த கொழுப்பு 1.1க்கு இறங்கியது. பால்காரர் ஒரு துளி நீரும் சேர்க்கவில்லை, சேர்த்தது ஒட்டகமே!

இதனை ஆய்வுக்கூட விநோதமாக மட்டும் கொள்ளலாகாது. 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒட்டகப் பாலுக்குத் தரம் வகுத்தபோது, கொழுப்பு நூற்றுக்கு 3 பங்கேனும் இருக்கவேண்டும் என விதித்தது. மேய்ச்சலில் வாழும் நம் ஒட்டகங்களின் பால் பல வேளைகளில் அந்த அளவை எட்டுவதில்லை. கலப்படமே செய்யாத ரபாரி, ஜாட் மேய்ப்பரின் பாலும் தள்ளுபடியாகக்கூடிய நிலை உண்டாயிற்று. பின்னர் அந்த அளவு 2 ஆகக் குறைக்கப்பட்டது. நாட்டிலுள்ள ஒட்டகங்கள் 2012 கணக்கெடுப்பில் 4 இலட்சம். 2019இலோ இரண்டரை இலட்சமே. வண்டி வேலை டிராக்டருக்குப் போய்விட்டபின், மந்தையை வைத்துக்கொள்ள மேய்ப்பனுக்கு எஞ்சியுள்ள வருவாய் பாலொன்றே என்பதை நோக்க, ஒரு பங்கு கொழுப்பு எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கில் வாழும் இரட்டைத் திமில் ஒட்டகம் வேறு சாதி. குளிர்நாட்டு விலங்காகிய இச்சாதி பொதுவில் குறைவாகவே கறக்கும்; கொழுப்போ நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு வரை செல்லும். இவ்விரு சாதிகளையும் கலந்து பெருக்குவதில் கைதேர்ந்தவர்கள் கஜகஸ்தான் மக்கள். முதல் தலைமுறைக் கலப்பினம் பெற்றோர் இருவரையும் விடப் பருத்து, நீண்டதொரு திமிலோடு விளங்கும். அதனை ‘நர்’ என்பர். அதன் பால் அளவிலும் கொழுப்பிலும் பெரும்பாலும் இடைப்பட்டது. பால் மிகுதி வேண்டுவோர் அதனை மீண்டும் ஒற்றைத் திமிலோடும், கொழுப்பும் குளிர் தாங்கும் வலுவும் வேண்டுவோர் இரட்டைத் திமிலோடும் சேர்க்கின்றனர். ராஜஸ்தானத்து வெயிலுக்கு இக்கலப்பு ஏற்றதென நாம் கருதவில்லை.

எவ்வினமாயினும் ஒட்டகப் பாலில் மாறாத பண்பு ஒன்றுண்டு. பசும்பாலில் உள்ள பீட்டா லாக்டோகுளோபுலின் என்னும் புரதம் இதில் இல்லை. கட்டித் தயிராக உறைய உதவும் காப்பா கேசீன் என்னும் புரதமும் மிகக் குறைவு. ஆதலால் நம் இல்லத்தரசியர் எவ்வளவு உறை ஊற்றினாலும், கத்தியால் வெட்டும் தயிரை இதில் எதிர்பார்க்கவேண்டாம். மோர்போல் நெகிழ்ந்தே நிற்கும். காப்பிக்கு ஆகுமோ எனில், அந்த உவர்ப்பைப் பொறுப்பவர்க்கு ஆகும்.

நீரிழிவு நோயாளர் இதனை மருந்தென நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துதல் ஆபத்து. மந்தையிலிருந்து நேரே கறந்து தருவதைப் பச்சையாகப் பருகும் வழக்கம் பாலைவனத்தில் உண்டு. மால்டாக் காய்ச்சல் அவ்வழியே தொற்றக்கூடும். ஆதலின் பொங்கக் காய்ச்சியே அருந்துக.