பண்டிகைப் பந்தி – 11: ஈச்சம்பாகு ஊறும் மாதம்

சென்ற வாரம் துர்கா பூஜைப் பந்தலில் கிச்சுரி சாப்பிட்டோம். இந்த வாரம் ஜனவரிக்கு வருவோம். நம் வீடுகளில் பொங்கல் பானை ஏறும் நாளை ஒட்டியே கொல்கத்தாவில் பௌஷ் சங்கராந்தி. புத்தரிசி, தேங்காய், பால், வெல்லம் என்று எல்லாம் நமக்குப் பழகிய பண்டங்கள்தான். ஆனால் அந்த வெல்லம் ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுத்தது. நொலேன் குர் என்பார்கள்.

அன்றைய பலகாரங்களுக்குப் பொதுப்பெயர் பிட்டே. தேங்காய்ப் பூரணத்தை உள்ளே வைத்துச் சுருட்டினால் பாட்டிஷாப்டா. நம் கொழுக்கட்டையைப் பாலில் கொதிக்கவிட்டாற்போல் இருப்பது துத் புலி. சொரு சாக்லியைக் கண்டால் தமிழர் எவரும் உரிமையோடு தட்டை நீட்டலாம். அரிசியும் உளுந்தும் அரைத்து ஊற்றிய மெல்லிய தோசைதான் அது. தொட்டுக்கொள்ள, சட்னிக்குப் பதில் இளகிய ஈச்சம்பாகு. 1947 பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் தங்கள் ஊர் வகைகளையும் கொண்டுவந்தன. இரு கரை அடுப்புகளும் ஒரே நகரத்தில் எரியத் தொடங்கின.

இத்தனையும் பெண்களின் உழைப்பு. அரிசியை ஊறவைத்து, காலால் மிதிக்கும் உலக்கையில் இடித்து, தேங்காய் துருவி, பால் சுண்டும்வரை கிளறி, இரவெல்லாம் அடுப்படியிலேயே நின்றார்கள். கூட்டுக் குடும்பத்தில் அதற்குப் பல கைகள் இருந்தன. இருவரும் வேலைக்குப் போகும் இன்றைய அடுக்குமாடி வீட்டில் எத்தனை கைகள்? அதனால் பிட்டே கடைக்கு வந்துவிட்டது. பவானிப்பூரில் 1885 முதல் நடக்கும் பலராம் மல்லிக் போன்ற பழைய இனிப்புக் கடைகளில் குளிர்காலத்தில் பாட்டிஷாப்டா கிடைக்கிறது. பேட்டைக்குப் பேட்டை பிட்டே திருவிழா நடத்துகிறார்கள்.

பாட்டியின் கைப்பக்குவம் போயிற்றே என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பண்டிகை நாளில் ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட முடிந்தால், அது நல்ல மாற்றம். பலகாரமும் அழிந்துவிடவில்லை, செய்யும் இடம்தான் மாறியிருக்கிறது. என் கவலையெல்லாம் மரம் ஏறுகிறவரைப் பற்றியது.

ஷியூலி என்று அவரை அழைக்கிறார்கள். கார்த்திகை வாக்கில் மரத்தின் உச்சியில் ஒரு பக்கத்து மட்டைகளைக் கழித்து, பட்டையைச் சீவி, மூங்கில் குழாய் செருகிக் கலயம் கட்டுவார். மாலையில் கட்டிய கலயத்தை விடியுமுன் இறக்க வேண்டும். நம் பனையேறிகள் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அங்கே முதல் காவல் குளிர்தான். வெயில் ஏறினால் பதநீர் புளித்துவிடும். சில நாள் சீவிய மரத்துக்குச் சில நாள் ஓய்வு தருவார்கள். ஓய்வுக்குப் பின் முதல் இரவில் ஊறுவது ஜிரேன். மணத்தில் அதை மிஞ்ச எதுவுமில்லை.

காய்ச்சுவதிலும் நுட்பம் உண்டு. நரேந்திரநாத் மித்ராவின் ‘ரஸ்’ கதை இதைச் சுற்றியதுதான். அதிலிருந்து வந்த இந்திப் படம் ‘சௌதாகர்’ (1973): அமிதாப் பச்சன் ஈச்சம்பாகு விற்பவர், நூதன் அதைக் காய்ச்சுபவர். காய்ச்சும் கை மாறியதும் வியாபாரம் சரிகிறது.

இன்று ஷியூலிகளின் பிள்ளைகளில் பலர் மரம் ஏற வருவதில்லை. ஆபத்தான வேலை, சில மாதமே வருமானம். கேரளத்துக் கட்டட வேலையில் கூலி அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. செங்கல் சூளைக்கு விறகாகவும் மரங்கள் போகின்றன. குளிரும் முன்போல் நிலைப்பதில்லை. நகரத்தின் ஆசையோ கூடிக்கொண்டே போகிறது: சந்தேஷ், ரசகுல்லா, ஐஸ்கிரீம் எல்லாவற்றிலும் நொலேன் குர் வேண்டும். அந்த இடைவெளியைச் சர்க்கரையும் எசன்ஸும் நிரப்புகின்றன. ஜெயநகர் மோவாவுக்கு 2015இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெல்பொரியையும் இந்தப் பாகையும் சேர்த்துப் பிடிக்கும் உருண்டை அது. பாகு பொய்யானால் குறியீட்டால் என்ன பயன்?

ஜனவரியில் கொல்கத்தா போகிறவர்கள் பாட்டாலி என்னும் அச்சு வெல்லத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்லது மெல்ல உதிரும். கல்லாக இருந்தால் பெரும்பாலும் சர்க்கரை கலந்தது. விலை கூடுதலென்றாலும் உதிர்வதையே வாங்குங்கள். முடிந்தால் கிராமத்துச் சந்தையில், காய்ச்சியவர் கையிலிருந்தே வாங்குங்கள்.

(தொடரும்)