பழசானால் விலை ஏறுமா?



நம் தளிக்குப் பெங்களூர் பக்கம். பிரான்சு தேசத்துப் போர்டோ ஒயினை வாங்கிப் பல வருடம் வைத்திருந்து விற்றால் கொள்ளை லாபம் என்று அங்கே பேச்சு. அதைக் கேட்டு வந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர், "அவன் சரக்கு கிடந்தால் விலை ஏறுகிறது, நம் சரக்கு கிடந்தால் ஏன் இறங்குகிறது?" என்று நம்மிடம் கேட்டார். நமக்கு மதுப் பழக்கம் இல்லை. ஆனாலும் கேள்வி வியாபாரக் கேள்வி. விசாரித்து அறிந்ததை எழுதுகிறோம்.

போர்டோ ஒயினுக்குத் தரம் பிரித்தவர்கள் நம்மைப் போன்ற வியாபாரத் தரகர்களே. 1855-இல் பாரிஸ் பொருட்காட்சிக்காக அவ்வூர் வர்த்தக சபை அவர்களிடம் பட்டியல் கேட்டது. எந்தத் தோட்டத்துச் சரக்கு நெடுங்காலமாக என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். அந்தப் பட்டியல்தான் இன்றும் பேசப்படுகிறது. மூத்தோன் ரோத்ஷீல்டு என்ற தோட்டம் 1973-இல் முதல் தரத்துக்கு ஏறியது ஒன்றே அதில் பெரிய மாறுதல்.

பேர்பெற்ற தோட்டங்களின் ஒயினை அறுவடைக்கு அடுத்த வருடம், பீப்பாயில் இருக்கும்போதே விலை பேசி முன்பணம் கட்டுகிறார்கள். சரக்கு கைக்கு வர மேலும் ஒன்றரை, இரண்டு வருடமாகும். காய் மரத்தில் இருக்கும்போதே நாம் புளியைக் குத்தகை பேசுவது போலத்தான். ஒரு பீப்பாய் 225 லிட்டர். 300 பாட்டில் வரும்.

திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு, புது ஒயினில் நாக்கைப் பிடிக்கும். வருடங்கள் போகப்போக அது தணிந்து வண்டலாகப் படியும், மணம் கூடும். ஆனால் உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி சில வருடங்களில் கெட்டுப்போவதுதான். நிற்கக்கூடிய ஒயினையும் 12 முதல் 14 டிகிரி குளிர்ச்சியில், வெளிச்சம் படாமல், தக்கை நனைந்திருக்கும்படி படுக்கவைத்துக் காக்க வேண்டும்.

காக்காவிட்டால் என்னாகும்? 1985-இல் லண்டன் ஏலத்தில் 1787-ஆம் வருடத்து ஒயின் என்று ஒரு பாட்டில் 1,05,000 பவுனுக்குப் போயிற்று. வாங்கியவர்கள் அதை நிறுத்திவைத்து விளக்குப் போட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். தக்கை காய்ந்து சுருங்கி உள்ளே விழுந்தது! அதே இடத்திலிருந்து வந்த பாட்டில்கள் போலி என்று பிற்பாடு வழக்கும் நடந்தது. பழைய ஒயின் என்று கலப்படம் செய்து விற்ற ரூடி குர்னியவான் என்பவருக்கு அமெரிக்காவில் 2014-இல் பத்து வருடச் சிறை.

நம் கதையைச் சொல்கிறோம். ஒரு வருடம் விலை ஏறும் என்று நம்பி, கொட்டை எடுத்த புளியைச் சொந்தக் குடோனிலேயே மூட்டை மூட்டையாக அடுக்கினோம். ஆவணி வருவதற்குள் புளி கறுத்துவிட்டது. வாங்கிய விலைக்கும் கீழே தள்ளிவிட்டோம். குளிர்சாதனக் கிடங்கில் வைத்தவர்களுக்கு நிறம் நின்றது, விலையும் நின்றது. நஷ்டத்துக்குக் காரணம் புளியல்ல, நம் அவசரமே.

ஆக, வயது மட்டும் விலை தராது. முதலாவது, பழசானால் தேறும் சரக்கா என்று பார்க்க வேண்டும். பழைய அரிசி தேறும், மிளகாய்த்தூள் தேறாது. இரண்டாவது, காக்க இடமும் அதற்கான வாடகையும் கணக்கில் வர வேண்டும். மூன்றாவது, எங்கே வாங்கியது, எங்கே கிடந்தது என்பதற்குப் பில் வேண்டும். இம்மூன்றும் இருந்தால்தான் போர்டோவிலும் காசு.

யாராவது பழைய ஒயினில் முதல் போடச் சொன்னால் நம் உறுப்பினர்கள் ஒதுங்கிக்கொள்வதே நல்லது. நம் மாநிலத்தில் மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம். நமக்குத் தெரிந்த சரக்கில், தெரிந்த குடோனில் போட்ட முதலே நிம்மதியான முதல்.